தரையில் தேய்க்கும் நாய், சொட்டுச் சொட்டாகப் போகும் சிறுநீர்... தொற்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வீட்டுக்கு வந்த விருந்தாளி காபி டம்ளரைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து, செல்ல நாய் ஹாலின் நடுவே வந்து உட்காரும். பின்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, முன்னங்கால்களால் உடலை இழுத்து இழுத்து, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தபடி ஊர்வலம் போகும். பிள்ளைகள் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் மொபைலில் வீடியோ எடுப்பார். பாட்டி மட்டும், ‘வயித்துல பூச்சி இருக்கும், மருந்து வாங்கிக் குடுங்க’ என்பார். பூச்சி மருந்து கொடுப்பார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே ஊர்வலம்.

இன்னொரு வீட்டில் கதை வேறு. வெளியே கூட்டிப்போனால் மட்டும் சிறுநீர் கழிக்கும் நாய், திடீரென்று சோபா ஓரத்திலும் படுக்கையறை வாசலிலும் சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பிக்கும். முதலில் அதட்டல், அப்புறம் ஒரு அடி. ‘வெயிலுக்குச் சூடு பிடிச்சிருச்சு’ என்று மோரும் இளநீரும் வைப்பார்கள். இரண்டு நாளில் தரையில் இளஞ்சிவப்பாகத் தெரியும்போதுதான் பதறிப்போய் மருத்துவரைத் தேடுவார்கள்.

முதல் நாய்க்கு மலவாய்ச் சுரப்பியில் பிரச்னை. இரண்டாவதற்கு சிறுநீர்ப்பையில் தொற்று. நாய் வளர்க்கும் வீடுகளில் இவை இரண்டும் சகஜம். மருந்து கொடுத்தால் அடங்குவதும், கொஞ்ச நாளில் திரும்பி வருவதும் அதே அளவுக்குச் சகஜம். அப்படித் திரும்பி வந்தால், மருந்தை மாற்றுவதற்கு முன்னால் ‘ஏன் வருகிறது’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் பல வீடுகளில் விடுபட்டுப் போகிறது.

அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது?

நாயின் மலவாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடங்களில், தோலுக்கு உள்ளே இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. ‘ஆனல் கிளாண்ட்’ என்று கிளினிக்குகளில் சொல்வது இவற்றைத்தான். பைக்குள் சுரக்கும் திரவத்தின் வாசனை கருவாட்டையே தோற்கடிக்கும். நமக்கு அது நாற்றம். நாய்களுக்கு அது அடையாள அட்டை. தெருவில் இரண்டு நாய்கள் சந்தித்தால் முதலில் பின்பக்கம் போய் மோந்து பார்ப்பது இதற்காகத்தான்.

கெட்டியாக மலம் வெளியேறும்போது, அந்த அழுத்தத்தில் பைகள் தானாகக் காலியாகிவிடும். மலம் தளர்வாகவே போய்க்கொண்டிருந்தால் அழுத்தம் கிடைக்காது. திரவம் தேங்கும், பசை போலக் கெட்டியாகும், வெளியேறும் சிறு துளை அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் நாய் தரையில் தேய்க்கும், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும், வாலடியைக் கடிக்கும். கவனிக்காமல் விட்டால் பாக்டீரியா பெருகி சீழ் கட்டும். கட்டி உடைந்து மலவாய்க்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஓட்டை விழுந்து ரத்தம் வழியும்போது, வேறு நாய் கடித்துவிட்டது என்றோ, மூலம் என்றோ நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

பாட்டி சொன்ன பூச்சியும் முழுக்கப் பொய்யில்லை. உண்ணி போலவே நாயின் மேல் ஒட்டிக்கொள்ளும் தெள்ளுப்பூச்சி வழியாக ஒருவகை நாடாப்புழு வரும். அந்தப் புழுவின் துண்டுகள் மலவாயைச் சுற்றி அரிசி மணி போல ஒட்டியிருக்கும். அது கண்ணில் பட்டால் புழுமருந்தோடு தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போட வேண்டும். அரிசி மணி எதுவும் இல்லாமல் கருவாட்டு வாசனை மட்டும் தூக்கினால், சந்தேகம் பைகளின் மீதுதான் திரும்ப வேண்டும்.

வெறும் அடைப்பு என்றால் மருத்துவர் கையுறை போட்டு, பையை விரலால் அழுத்திக் காலி செய்துவிடுவார். சில நிமிட வேலை. தொற்று இருந்தால், நாய்க்கு மயக்கம் கொடுத்து, பையை உப்புநீரால் கழுவி, உள்ளேயே மருந்தைச் செலுத்துவது உண்டு. சீழ்க்கட்டி என்றால் கீறி வடித்து, வலிநிவாரணியும் தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார்கள். இந்தக் கட்டத்தில் வலி கடுமையாக இருக்கும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே அழுத்திப் பார்ப்பது வேண்டாம். வீங்கிய பை உள்ளுக்குள்ளேயே உடைந்துவிடலாம். சாதுவான நாயும் கடித்துவிடலாம்.

குளிப்பாட்டி முடிவெட்டும் இடங்களில் ஒவ்வொரு தடவையும் இதையும் சேர்த்து அழுத்திவிடுகிறார்கள். தொந்தரவே இல்லாத நாய்க்கு இது தேவையில்லை. அடிக்கடி அழுத்தினால் அந்த இடம் புண்பட்டு, இல்லாத பிரச்னை உண்டாக வாய்ப்பிருக்கிறது. ‘சேவை’ப் பட்டியலில் இருக்கிறதே என்று தலையாட்ட வேண்டியதில்லை.

பால்சோறும் பிஸ்கட்டும்

மாதா மாதம் பை அடைத்துக்கொண்டால், பார்க்க வேண்டிய முதல் இடம் சாப்பாட்டுத் தட்டு. நம் வீடுகளில் நாய்க்கு இன்னமும் பால்சோறும் தயிர்சாதமும்தான். நடுநடுவே டீயில் நனைத்த பிஸ்கட். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு. மலம் தளர்ந்துபோக இது ஒன்றே போதும். சில வாரம் பாலை நிறுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியலாம்.

நார்ச்சத்தும் உதவும். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணியை உப்பு, காரம், தாளிப்பு எதுவும் இல்லாமல் உணவில் ஒன்றிரண்டு ஸ்பூன் கலக்கலாம். மெடிக்கலில் கிடைக்கும் இசப்கோல் உமியை மருத்துவர் சொல்லும் அளவில், தண்ணீர் கலந்து கொடுக்கலாம். சாம்பார் பூசணியை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் வெங்காயம் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

எடை இன்னொரு காரணம். வாசல் வரை மட்டுமே நடக்கும் லாப்ரடாரையும், மூச்சு வாங்கும் பக் நாயையும் அபார்ட்மென்ட் லிஃப்ட்டுகளில் தினமும் பார்க்கிறோம். குண்டான நாய்களுக்கு இந்தப் பை அடைப்பு அதிகம். சின்ன இனங்களுக்கும் அப்படித்தான்.

பலரும் யோசிக்காத காரணம், அலர்ஜி. பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா, காதில் அடிக்கடி சீழ் வருகிறதா, கூடவே பின்பக்கத் தொல்லையும் இருக்கிறதா? மூன்றும் தனித்தனி நோயாக இல்லாமல், ஒரே தோல் அலர்ஜியின் மூன்று முகங்களாக இருக்கலாம். உணவு அலர்ஜியா என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை பெரிதாக உதவாது. இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் வைத்து, சுமார் 8 வாரம் வேறு எதையும் கண்ணில் காட்டாமல் பார்க்க வேண்டும். ‘எதையும்’ என்பதில் தாத்தா ரகசியமாகக் கொடுக்கும் முறுக்கும் அடக்கம். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்காவிட்டால் இந்தச் சோதனை முதல் வாரத்திலேயே தோற்றுவிடும்.

எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் பைகளை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். அவை இல்லாமல் நாய் நன்றாகவே வாழும். மலத்தை அடக்கும் தசையின் நரம்புகள் பக்கத்திலேயே ஓடுவதால், இந்த அறுவை சிகிச்சையைச் செய்து பழகிய கை வேண்டும்.

வயதான நாய் என்றால்...

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 8, 9 வயதைத் தாண்டிய நாய்க்கு மலவாயின் ஒரு பக்கம் மட்டும் கெட்டியான வீக்கம் இருந்தால், அது அடைப்பு இல்லாமல் புற்றுநோயாக இருக்கக்கூடும். இந்தப் பைகளில் வரும் புற்றுநோய், சில நாய்களுக்கு ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். கால்சியம் ஏறினால் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். வீட்டில் இருப்பவர்கள் அதை யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கட்டியோ வெளியே தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். மருத்துவர் மலவாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கும் ஒரு நிமிடப் பரிசோதனையில் இது அகப்படலாம். வயதான நாயை எதற்காகக் கூட்டிப்போனாலும் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் முன் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு அதிகம்.

சிறுநீர்த் தொற்று: மூன்றாவது முறை என்றால் நில்லுங்கள்

பெண் நாய்களுக்கு சிறுநீர்ப் பாதை குட்டை, அகலமும் அதிகம். பாக்டீரியா எளிதாக மேலே ஏறிவிடுகிறது. அதிகம் அகப்படுவது ஈ.கோலை, அதாவது குடலிலேயே குடியிருக்கும் கிருமி. மலவாய்ப் பக்கம் சீழும் அழுக்கும் இருந்து, நாய் அங்கேயும் நக்கி இங்கேயும் நக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

6 மாதத்தில் 2 முறையோ, 12 மாதத்தில் 3 முறையோ வந்தால் அதைத் ‘திரும்ப வரும் தொற்று’ என்று கணக்கில் எடுக்கிறார்கள். துணை விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேச சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த வரையறை இருக்கிறது. எப்போதாவது வரும் சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் ஆன்டிபயாடிக் போதும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. முன்பு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவைக்கு மேல் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்பதால்தான் இந்த மாற்றம்.

எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நம் வீடுகளில் நடப்பது வேறு. போன தடவை மீதியான மாத்திரையை ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்து இரண்டு நாள் கொடுப்பது, அறிகுறி குறைந்ததும் நிறுத்துவது, அடுத்த மாதம் மெடிக்கலில் அதே அட்டையைக் காட்டி வாங்குவது. மூன்றாவது முறை அந்த மருந்து வேலை செய்யாது.

திரும்ப வரும் தொற்றுக்கு, சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை அவசியம். இதற்கான மாதிரியை வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி எடுப்பார்கள். கேட்கவே பயமாக இருக்கும். பெரும்பாலான நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. முடிவு வர சில நாள் ஆகும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து ஸ்கேனும் எக்ஸ்ரேயும். சிறுநீர்ப்பையில் கல் இருந்தால் எத்தனை மருந்து கொடுத்தாலும் கிருமி அந்தக் கல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். ஸ்ட்ரூவைட் என்ற வகைக் கல் நாய்களுக்குப் பெரும்பாலும் தொற்றினாலேயே உருவாகிறது. தனி உணவும் சரியான ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்தால் சில வாரங்களில் அதைக் கரைக்க முடியும். கால்சியம் ஆக்ஸலேட் கல் கரையாது. எடுத்துத்தான் ஆக வேண்டும். வாழைத்தண்டு ஜூஸை நம்பிக் காத்திருப்பவர்கள் முதலில் என்ன கல் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கல் இல்லையென்றால் சர்க்கரை நோய், சிறுநீரக நோய், கார்டிசோல் அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோய் என்று தேட வேண்டும். குண்டான பெண் நாய்க்குப் பிறப்புறுப்பைச் சுற்றித் தோல் மடிந்து எப்போதும் ஈரமாக இருப்பதே காரணமாகலாம். கருத்தடை செய்யாத ஆண் நாய்க்குத் தொற்று ப்ராஸ்டேட் சுரப்பியில் உட்கார்ந்திருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு, நாட்களும் நான்கு வாரம் வரை அல்லது அதற்கு மேல் போகும்.

ஒரு சுழற்சியையும் இங்கே சொல்ல வேண்டும். அலர்ஜி அரிப்புக்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுக்கப்படும் நாய்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது, மலவாய்ச் சுரப்பிக்குக் காரணமான அதே அலர்ஜி, அதன் மருந்து வழியாகச் சிறுநீர்ப்பைக்கும் வந்து சேர்கிறது. தோலுக்கு ஒரு டாக்டர், யூரினுக்கு ஒரு டாக்டர் என்று மாறி மாறிப் போகிறவர்கள் எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

ஆண் நாய் காலைத் தூக்கி முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பு நீடித்தால் உயிருக்கே ஆபத்து. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் சாப்பிடாமல் சோர்ந்து, தண்ணீர் மட்டும் அதிகம் குடித்து, பின்பக்கம் சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். இதை யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நினைத்து நாளைக் கடத்தி நாயை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கும் வகை இன்னும் மோசம்.

வலிக்கிறதே என்று நாம் சாப்பிடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் குடலில் புண்ணும் சிறுநீரகத்தில் பாதிப்பும் வரும்.

சென்னையில் வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கெல்லாம் பரிசோதனை வசதி உண்டு. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது, தண்ணீரும் நேரமும். இரண்டு மூன்று இடங்களில் சுத்தமான தண்ணீர் வையுங்கள். எல்லோரும் வேலைக்குப் போய், காலை 8 மணிக்கு அடக்கிய சிறுநீரை நாய் இரவு 8 மணிக்குத்தான் விட முடிகிறது என்றால் அது தொற்றுக்கு நல்லதல்ல. பகலில் ஒருமுறையாவது வெளியே அழைத்துப் போக ஆள் பாருங்கள். ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சாதாரண யூரின் டெஸ்ட்டுக்கு மாதிரியை வீட்டிலேயே பிடித்துவிடலாம். காலையில் முதல் தடவை போகும்போது, முதல் சில சொட்டுகளை விட்டுவிட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்த நீளக் காம்புக் குழிக்கரண்டியைப் பின்னாலிருந்து மெதுவாக நீட்டுங்கள். அவசரப்பட்டால் நாய் பயந்து நிறுத்திவிடும். பிடித்ததை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், டப்பா மேல் என்ன என்று எழுதிவிட்டு. கரண்டியை இனிமேல் நாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.