தோட்டத்துப் பாட்டியின் பாட்காஸ்ட்: தனித்தனித் தடங்கள் ஒன்றாவது எப்படி?

மமாக் கடையில் தே தாரிக் கலக்குகிறவரின் மேசையைக் கவனியுங்கள். தேயிலைச் சாயம் ஒரு பாத்திரத்தில், டின் பால் இன்னொன்றில், சீனி வேறொன்றில் இருக்கும். அதனால்தான் ஒருவருக்குப் பால் தூக்கலாகவும் அடுத்தவருக்குச் சீனி போடாமலும் அவரால் கொடுக்க முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொதிக்க வைத்துவிட்டால், கூடிப்போன சீனியை யாராலும் வெளியே எடுக்க முடியாது. இருவர் பேசும் பாட்காஸ்டில் ஆளுக்கொரு மைக் வைத்துத் தனித்தனித் தடமாகப் பதிவதற்கும் இதுதான் காரணம்.

மலேசியாவின் கேமரன் மலையில் இப்படிப் பதிந்து வைக்கும் வேலைக்கு அவசரத் தேவை இருக்கிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்திலும், 1933-இல் தொடங்கிய பாரத் தோட்டத்திலும் தலைமுறைகளாகத் தமிழர்கள் உழைத்திருக்கிறார்கள். கொழுந்தைக் கையால் கிள்ளியது, கத்தரியால் வெட்டியது, இப்போது இருவர் தூக்கிப் பிடித்து இயந்திரத்தால் வெட்டுவது என எல்லாவற்றையும் பார்த்தவர்களின் பேச்சு பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடுகிறது. அதைக் காப்பாற்ற இரண்டு கைப்பேசியும் சட்டையில் குத்தும் இரண்டு மைக்கும் போதும். ரிங்லெட் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் பாட்டியும் பேத்தியும் மேசையருகே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தகரக் கூரை, வெளியே மழை.

1. பதிவு

மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குகளுக்கும் நடுவே வேண்டும். பேசத் தொடங்குமுன் 30 விநாடி சும்மா இருந்து அறையின் ஓசையை மட்டும் பதியுங்கள். பிறகு இரண்டு மைக்கிலும் கேட்கும்படி ஒரு முறை கைதட்டுங்கள். கடைசியிலும் ஒரு தட்டு.

2. நேரம் பொருத்துதல்

ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டு முதல் கட்டணமில்லாமல் கிடைக்கும் மென்பொருள். அதில் இரண்டு கோப்புகளையும் திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கைதட்டல் இரண்டிலும் கூர்மையான முள்ளாகத் தெரியும். முள்ளுக்கு நேராக முள்ளை நகர்த்தினால் தொடக்கம் சரியாகிவிடும்.

முடிவு சரியாக இருக்குமென்று நம்பிவிடக் கூடாது. இரண்டு கைப்பேசிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி விலகிவிடும். அவ்வளவு போதும், குரல் இரட்டையாகக் கேட்க. கடைசிக் கைதட்டல் இதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு தடத்தைச் சற்றே நீட்டியோ சுருக்கியோ இரண்டாவது தட்டையும் பொருத்திவிடலாம்.

3. வடிகட்டுதல்

முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை நீக்குங்கள். லாரிச் சத்தமும் மேசை அதிர்வும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து, சும்மா இருந்த அந்த 30 விநாடியை மாதிரியாகக் கொடுத்தால் மென்பொருள் மழையோசையைக் குறைத்துத் தரும். இங்கே கை நிதானம் வேண்டும். சாயத் துணியைப் பிழியப் பிழியக் கசப்பு இறங்குவதுபோல, இரைச்சலை முழுதும் ஒழிக்கப் பார்த்தால் பாட்டியின் குரலில் உலோக ஒலி ஏறிவிடும். மழை கொஞ்சம் கேட்டால் தவறில்லை.

4. ஒழுகலை அடக்குதல்

பாட்டி பேசுவது பேத்தியின் மைக்கிலும் விழும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவிநாடி ஆகும். அந்தத் தாமதத்தோடு இரண்டு ஒலிகளும் சேரும்போது குரல் மெலிந்து உயிரற்றுப் போகும். எனவே யார் பேசவில்லையோ அவர் தடத்தைத் தாழ்த்த வேண்டும். அடியோடு அணைத்துவிட்டால் மழை விட்டுவிட்டுப் பெய்வதுபோல் ஆகிவிடும். 10 முதல் 15 டெசிபல் வரை இறக்கினால் போதும்.

தனித் தடத்தின் முழுப் பயனும் தெரிவது இந்த இடத்தில்தான். “பெரட்டுக்குப் போறப்ப விடிஞ்சிருக்காது, கங்காணி வந்து...” என்று விடியற்காலை ஆள் கணக்கெடுப்பைப் பற்றிப் பாட்டி சொல்லும்போதே பேத்தி “ஐயோ, குளிராதா பாட்டி?” என்று குறுக்கிடுகிறாள். ஒரே தடமாக இருந்திருந்தால் ‘கங்காணி’ என்ற சொல் அமுங்கியே போயிருக்கும். தனித் தடம் என்பதால், அந்த இரண்டு விநாடிக்குப் பேத்தியின் தடத்தை மட்டும் இறக்கினால் பாட்டியின் சொல் மேலே வந்துவிடுகிறது.

5. வெட்டுதல்

எதை நீக்கினாலும் இரண்டு தடங்களிலும் ஒரே இடத்தில், ஒரே அளவு நீக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வெட்டினால் அதற்குப் பின்னால் கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று மிதிக்கும். நாற்காலிச் சத்தம், தொலைபேசி மணி, சொன்னதையே திரும்பச் சொன்னது ஆகியவற்றை எடுத்துவிடலாம். இறந்துபோன கணவரைப் பற்றிச் சொல்லுமுன் பாட்டி நான்கு விநாடி நிறுத்தினால் அதைத் தொடாதீர்கள். அந்த மௌனமும் அவர் சொன்னதில் சேர்த்திதான். மென்பொருளின் தானியங்கி வெட்டுக்கு அதை விட்டுவிடக் கூடாது.

6. அளவு பார்த்து ஆற்றுதல்

பாட்டியின் தாழ்ந்த குரலை முதலில் உயர்த்துங்கள், பேத்தியை அதற்கு ஏற்ப வையுங்கள். இரண்டு குரலையும் நடுவிலேயே நிறுத்துங்கள். ஒருவரை இடப்பக்கமும் மற்றவரை வலப்பக்கமும் தள்ளினால், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுகிறவருக்குப் பாதிப் பேச்சு போய்விடும். ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைக்கும் மொத்த ஒலியளவு −16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு), உச்சம் −1 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். இதெல்லாம் சரியான பிறகே சாயத்தையும் பாலையும் சேர்த்து இழுத்து ஆற்றுவதுபோல் இரண்டு தடங்களையும் ஒரே கோப்பாக்க வேண்டும். அதற்குப் பிறகு முழுமையாகப் பிரிக்க வழியில்லை.

ஆகவே, கலக்காத மூலத் தடங்களை ஒருபோதும் அழிக்காதீர்கள். பேசியவர் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். பாட்டியின் வீட்டாருக்கும் ஒரு படி கொடுங்கள். நாளை இதைவிட நல்ல வடிகட்டிகள் வரும், பேத்தியின் பிள்ளைகள் வேறு கேள்விகளோடு கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நாம் வெட்டித் தந்த அரை மணி நேரம் அல்ல, பாட்டி பேசிய முழு ஒரு மணி நேரம்.