பாரி நாகஸ்வரம்: தாழ்ந்த சுருதியைத் தேடிய கைவினை

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினர், தாம் எழுதிய நிருபங்களுள் ஒன்றை இசைக்கென்றே ஒதுக்கினர். அதில் 'ஊத்' என்னும் நரம்புக் கருவியை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதற்கு அவர்கள் தரும் அளவுகள் கருத்தூன்றிப் படிக்கத்தக்கவை. கருவியின் நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆழம் அகலத்தில் பாதி. கழுத்து நீளத்தில் கால்பங்கு. நான்கு நரம்புகளுள் மிகத் தாழ்ந்த ஒலியுடைய 'பம்' என்பதை 64 பட்டிழைகளால் முறுக்க வேண்டும். அடுத்தது 48, அதற்கடுத்தது 36, மிக உயர்ந்த ஒலியுடைய 'ஸீர்' 27. இவ்வெண்களை வரிசையாக வகுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு நான்கிற்கு மூன்று என்னும் விகிதத்தில் நிற்பது விளங்கும். ஒலி தாழ வேண்டுமானால் கருவி கனக்க வேண்டும். எவ்வளவு கனக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்த விகிதத்தை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். காவிரிக் கரையில் அதை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

அந்தலூஸ் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற 'அல்ஊத்' அங்கே 'லூட்' ஆயிற்று. இன்று கிட்டார் செய்யும் கைவினைஞரையும் பிரெஞ்சு மொழியினர் அப்பெயரின் அடியாகவே 'லூத்தியே' என்றழைக்கின்றனர். கிட்டார் வகையில் மிகத் தாழ்ந்த சுருதியுடைய பேஸ் கிட்டாரின் அடிநரம்பு விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வதிர்வு காற்றில் எழுப்பும் அலையின் நீளம் எட்டு மீட்டரை ஒட்டியது. சிறிய மரப்பெட்டி அத்தகைய அலையைப் போதிய வலுவுடன் எழுப்ப இயலாது. ஆகவேதான் மின்சாரத்தின் துணையின்றி ஒலிக்கும் பேஸ் கிட்டாரைச் செய்ய முனைந்தோர் உடலைப் பெருக்க நேர்ந்தது. மெக்ஸிகோ நாட்டுக் கிட்டாரோனைக் கண்டு ஊக்கம் பெற்று, அமெரிக்காவின் எர்னி பால் நிறுவனம் 1972-இல் 'எர்த்வுட்' என்னும் பெருங்கருவியை வெளியிட்டது. மடியில் அடங்காத பருமன் கொண்ட அக்கருவியின் உற்பத்தி 1985-க்குப் பின் தொடரவில்லை.

பெருங்கருவியின் வேட்கை புதியதன்று. அறிஞர் அல்ஃபாராபி தமது 'கிதாபுல் மூஸீக்கில் கபீர்' நூலில் 'ஷாஹ்ரூத்' என்னும் கருவியைக் குறிப்பிடுகிறார். அகன்ற ஒலியெல்லை கொண்ட அதனைப் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஸுக்து நாட்டைச் சேர்ந்த இப்னுல் அஹ்வஸ் என்று பெயரையும் பதிவு செய்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் அப்துல் காதிர் மராகீ வருணிக்கும் ஷாஹ்ரூத், ஊதைப் போல் இரு மடங்கு நீளமுடையது. தத்துவப் பேராசான் ஒருவர் ஒரு கருவியை ஆக்கியவரின் பெயரைத் தேடி எழுதி வைத்தார் என்பதே என்னை ஈர்க்கும் செய்தி. தமிழகத்தில் வித்துவான்களின் பெயர்கள் நிலைத்தன; அவர்தம் கருவிகளைக் கடைந்தோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன.

மறையாமல் எஞ்சிய ஒரு பெயர் நம் அண்டையிலேயே இருக்கிறது. வீராணம் ஏரிக்கரையிலுள்ள லால்பேட்டையிலிருந்து புறப்பட்டு, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால், ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையே நரசிங்கம்பேட்டை வரும். நாகஸ்வரம் செய்வதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட ஊர் அது. அவ்வூரின் ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்ததே 'பாரி' நாகஸ்வரம்.

நாகஸ்வரத்தின் உறுப்புகள் நான்கு. உதட்டில் பொருந்தும் சீவாளி. அதனைத் தாங்கும் கெண்டை என்னும் உலோகக் குழல். கூம்பு வடிவில் உள்ளே துளையிடப்பட்ட உலவு என்னும் மரக்குழல். அடியில் விரிந்த அணசு. விரல்கள் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழே விரல் படாத துளைகள் ஐந்து. மெழுகால் அவற்றை வேண்டிய அளவு அடைத்துச் சுருதியைச் சரிசெய்வர். பழைய வழக்கில் இருந்தது 'திமிரி'. குட்டையானது, நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் கூர்மையாக ஒலிப்பது. பாரி இரண்டரை அடியைத் தாண்டும் நீளமுடையது; இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு இறங்குவது.

ஐந்து கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறங்குவது என்றால் என்ன? அதிர்வெண் நான்கிலிருந்து மூன்றாகக் குறைகிறது. குழலுக்குள் அதிரும் காற்றுத் தம்பம் மூன்றிலிருந்து நான்காக நீள வேண்டும். பஸரா அறிஞர்கள் 48 இழைக்கும் 64 இழைக்கும் இடையே வைத்த அதே விகிதம். பட்டு நரம்பாயினும் ஆச்சா மரக்குழலாயினும் ஒலியின் கணக்கு ஒன்றே.

ஆயினும் கணக்கு மட்டும் கருவியாகிவிடாது. குழலை ஒரே சீராக நீட்டினால் துளைகளும் விலகிப் போகும். மனிதனின் விரல்களோ நீள்வதில்லை. துளைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் ஸ்வரம் இடம் மாறும். அதனை ஈடுசெய்யத் துளையின் விட்டத்தையும் உட்கூம்பின் சரிவையும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று பிசகும். எல்லாவற்றினும் பெரிய இடர் மத்திமத்தில் இருந்தது. பழைய கருவிகளில் சுத்த மத்திமம் தன் இடத்தில் நில்லாமல் சற்றே ஏறி ஒலித்தது. வித்துவான்கள் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அடக்கத்தாலும் அதனைக் கீழே இழுத்துச் சமாளித்தனர். ரங்கநாதன் ஆசாரி பலமுறை செய்து பார்த்து அடைந்த வெற்றி, நீளத்தைக் கூட்டியதில் மட்டும் இல்லை. நீளம் கூடிய குழலில் சுத்த மத்திமத்தைச் சுத்தமாகப் பேச வைத்ததில் இருக்கிறது.

அக்கருவியை ஏந்திப் புகழ் சேர்த்தவர் அருகிலுள்ள திருவாவடுதுறையின் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவர் பெயரைச் சொன்னாலே தோடி ராகம் நினைவுக்கு வரும். தோடியோ சுத்த மத்திமம் பயிலும் ராகம். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டவரும் அவரே. தெருவில் ஊர்வலத்தின் முன்னே நடந்து, தொலைவிலுள்ளோருக்கும் செய்தி சொல்வதற்குத் திமிரியே ஏற்றது. அமர்ந்து ஒரு ராகத்தை நிதானமாக விரிக்க, பக்கத்தில் இருப்பவர் செவி நோகாமல் கேட்க, கருவி இறங்கி வர வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி பரவிய காலமும் இம்மாற்றத்துக்குத் துணை நின்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கருவி தன் வலுவால் மட்டுமே ஊரை எட்ட வேண்டிய கட்டாயம் அப்போது தளர்ந்தது.

இந்தத் தஞ்சைப் பாணி முஸ்லிம் கலைஞர் ஒருவரை ஆந்திரத்திலிருந்து காவிரிக் கரைக்கு ஈர்த்து வந்தது. ஷேக் சின்ன மௌலானா (1924-1999) கரவதி என்னும் ஊரில், தலைமுறைகளாக நாகஸ்வரம் வாசித்த குடும்பத்தில் பிறந்தவர். ராஜரத்தினத்தின் வாசிப்பில் மனம் பறிகொடுத்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பின்னர் திருவரங்கத்தில் குடியேறினார். 1977-இல் பத்மஸ்ரீ விருதும், 1998-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரை வந்தடைந்தன. அவருடைய பேரர்கள் காசிம், பாபு இருவரும் அவர் வழியிலேயே நாகஸ்வரக் கலைஞராயினர். வடக்கே ஷெஹ்னாய்க்கு உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கான் (1916-2006) எப்படியோ, தெற்கே நாகஸ்வரத்துக்கு அவர் அப்படி.

குழலிசை ஆகுமா என்னும் வினா நம் வாசகர்களுள் சிலருக்கு எழக்கூடும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஸமாஉ பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியுள்ளார்கள். நரம்புக் கருவிகளையும் குழல்களுள் சிலவற்றையும் அவர்கள் விலக்கும்போது, ஓசையின் இனிமையை விலக்குக்குக் காரணமாகக் காட்டவில்லை; அவை மதுவருந்துவோரின் அடையாளமாகிவிட்டதையே காரணமாகக் காட்டுகிறார்கள். இதில் மாறுபடும் உலமாக்கள் உண்டு. சட்ட விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது; விரும்புவோர் அப்பகுதியை முழுமையாகப் படிப்பதே முறை.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது, பொருளுக்குத்தான் தட்டுப்பாடு. புதிதாக வெட்டிய மரம் இதற்கு உதவாது. அதிலுள்ள ஈரமும் எண்ணெய்ப் பசையும் முழுதும் வற்ற வேண்டும்; இல்லையேல் கடைந்த பின் கோணும், வெடிக்கும், ஆசாரி பாடுபட்டு நிறுத்திய மத்திமம் மீண்டும் நழுவும். எனவே அவர்கள் நாடுவது, பல பத்தாண்டுகள் வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் நின்று உலர்ந்த ஆச்சா மரத்தை. பழைய வீடு ஒன்று இடிபடும்போதுதான் அது கிடைக்கிறது. அத்தகைய வீடுகள் அருகி வருகின்றன; இன்று எழும் கான்கிரீட் வீடுகளில் ஆச்சா உத்தரங்கள் இல்லை. தொழிலில் நிற்கும் குடும்பங்களோ சிலவே. லால்பேட்டையிலும் சுற்றூர்களிலும் முன்னோர் வீடுகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவோர், இறக்கிய உத்தரம் ஆச்சாவாக இருந்தால் மரக்கடைக்கு ஏற்றுவதற்கு முன் நரசிங்கம்பேட்டைப் பட்டறைகளுக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பலாம்.