நடுவுல நிக்காதே நாரையே!

டூர் போய்ட்டு வந்து மெமரி கார்டைத் திறந்தா நூத்துக்கணக்குல போட்டோ. அதுல பறவை, குரங்கு, மான்னு எடுத்ததை மட்டும் தனியாப் பாருங்க. முக்கால்வாசியில அந்த ஜீவன் நட்டநடுவுல, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

'பெரிய லென்ஸ் இல்லைப்பா, அதான்!'னு பழியை பர்ஸ் மேல போடாதீங்க. சின்ன லென்ஸ்காரங்களுக்குத்தான் இந்த மேட்டர் அதிகமா உதவும். பேரு, மூணில் ஒரு பங்கு விதி.

ஃப்ரேமை நெட்டுக்கு ரெண்டு, குறுக்கே ரெண்டு கோடு போட்டு ஒன்பது கட்டமாப் பிரிச்சுக்குங்க. (உங்க செல்போன் கேமரா செட்டிங்ஸ்ல 'கிரிட்'னு ஒண்ணு தூங்கிட்டிருக்கும், எழுப்பி விடுங்க.) கோடுகள் வெட்டிக்கிற நாலு புள்ளியில ஒண்ணுல பறவையோட கண் வரட்டும். 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் தன் புத்தகத்துல வெச்ச பேரு இது. அப்போ போட்டோகிராஃபியே கிடையாது!

அதுக்கு அடுத்த வருஷம், 1798-ல்தான் வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் தங்கள் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுதி வாங்கினாங்க. அந்த ஏரிக்கரையிலேயே இப்போ நின்னு பார்ப்போம். சீசன் நேரம். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரான்னு ஒரே கூட்டம். உங்க கையில 18-55 கிட் லென்ஸ். மரத்து மேல இருக்கிற நாரை கட்டை விரல் நகம் அளவுதான் தெரியும். நடுவுல வெச்சா அது ஒரு புள்ளி. இடது கீழ்ப் புள்ளிக்குக் கொண்டு போங்க; மீதி ஃப்ரேம் முழுக்க வானமும் தண்ணியும். இப்போ அது 'ஒரு ஏரி, அதுல ஒரு நாரை'. சின்னதா இருக்கிறதே அழகாயிடும்.

எந்தப் பக்கத்துப் புள்ளி? பறவை பார்க்கிற பக்கம் காலி இடம் விடணும். வலது பக்கம் பறக்குதா, இடது கோட்டுல வைங்க. இல்லேன்னா ஃப்ரேம் சுவத்துல போய் முட்டிக்கிற மாதிரி இருக்கும். வானம் ஜோரா இருந்தா தொடுவானம் கீழ்க்கோட்டுல. தண்ணி ஜோரா இருந்தா மேல்கோட்டுல.

'பொன் விகிதம் 1.618'னு ஒரு சீனியர் கிளாஸ் எடுப்பார். கேட்டுக்குங்க, பயப்படாதீங்க. 6000 பிக்ஸல் அகலப் படத்துல நம்ம கோடு 2000-ல் விழும். பொன் விகிதக் கோடு கிட்டத்தட்ட 2292-ல். இந்த 292 பிக்ஸலை நீங்க அளந்து முடிக்கறதுக்குள்ள பறவை பறந்து போயிடும்!

பறக்கிற பறவைக்கு ஃபோகஸ் கிடைக்கறதே பெரிய பாடு. பழைய டிஎஸ்எல்ஆர்கள்ல நடுப்புள்ளிதான் நம்பகமா வேலை செய்யும். அதனால கொஞ்சம் தாராளமா இடம் விட்டு நடுவுலயே எடுத்துட்டு, அப்புறம் க்ராப் பண்ணுங்க. 24 மெகாபிக்ஸல் படத்தை 4000 பிக்ஸல் அகலத்துக்கு வெட்டினாலும் 10 மெகாபிக்ஸலுக்கு மேல மிஞ்சும். 13 அங்குல அகலத்துக்கு நல்லாவே பிரின்ட் போடலாம்.

இன்னொரு லாபமும் இருக்கு. ஃப்ரேமை நிரப்பணும்கிற வெறி இல்லேன்னா கூட்டுக்குப் பக்கத்துல போகவே வேணாம். நெருங்கினா தாய்ப் பறவை எழுந்து போயிடும். முட்டை வெயில்ல காயும், காக்கா கொத்தும். 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவைக் கூட்டைத் தொந்தரவு பண்றதையே 'வேட்டை'ங்கிற வார்த்தைக்குள்ள சேர்த்திருக்கு. துப்பாக்கியே தேவையில்லை பாஸ்!

விதியை மீறலாமா? தாராளமா. காத்தே இல்லாத காலையில, அசையாத தண்ணியில நாரையும் அதோட நிழலும் கண்ணாடி மாதிரி ஒட்டி நின்னா, கட்டத்தை மறந்துட்டு கரைக்கோட்டை நட்டநடுவுல வெச்சு க்ளிக் பண்ணுங்க.