கிருமிக் கோட்டையின் சாந்து

காலையில் எழுந்ததும் நாவினாற் பற்களைத் தடவிப் பார்த்தால் வழுவழுப்பான மெல்லிய படலமொன்று தட்டுப்படும். ஒல்லாந்தரான லீவன்ஹூக் 1683 ஆம் ஆண்டிலே தம் பற்களிலிருந்து சுரண்டியெடுத்த இவ்வெண்பொருளைத் தாமே சமைத்த உருப்பெருக்கியில் வைத்து நோக்கி, எண்ணிறந்த சிற்றுயிர்கள் அதனுள் நெளிவதைக் கண்டு வியந்தார். வினாகிரி அப்படலத்தின் வெளிப்புறத்து உயிர்களை மட்டுமே கொன்றது. உள்ளே ஊடுருவவில்லை என்பதையும் பின்னர் எழுதிவைத்தார். இன்றைய மருத்துவத்தின் பெருந் தலையிடியொன்று அச்சிறு குறிப்பிலேயே அடங்கியிருக்கிறதென்று நான் எண்ணுவதுண்டு.

தனித்து நீந்தும் கிருமி வேறு. கூட்டமாகப் பசையினுள் உறையும் கிருமி வேறு. பின்னதையே உயிர்ப்படலம் என்கின்றனர். சிறுநீர்க் குழாயிலும் செயற்கை மூட்டிலும் நோயுற்ற நுரையீரலிலும் அது குடிகொள்கிறது. ஆய்வுகூடத்தார் தனிக் கிருமிகளை வளர்த்துச் சோதித்து, ‘இம்மருந்து கேட்கும்’ என எழுதிக் கொடுப்பர். நோயாளி அதனை ஒழுங்காக உட்கொண்டும் நோய் திரும்பிவிடும். அவ்வேளையில் அவர் மருந்தைச் சரியாக எடுக்கவில்லையெனப் பழிசொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. பலரது விடயத்தில் இஃது அநியாயம். சோதனைக் குழாயிலிருந்த கிருமிக்கு வாய்க்காத கோட்டையொன்று உடலிலுள்ள கிருமிக்கு வாய்த்திருக்கிறது.

அக்கோட்டை எதனாற் கட்டப்பட்டது? வெல்லப் பொருள்களாலும் புரதங்களாலும் என்றே நெடுங்காலம் விடை கூறினர். டி.என்.ஏ.யோ பரம்பரையின் ஏடு. அவெரியும் அவர்தம் துணைவரும் 1944 இல் அதனை நிறுவினர். ஏட்டுக்குரிய இடம் கலத்தின் உள்ளே. வெளியிற் கிடப்பது இறந்த கலங்களின் குப்பையென எண்ணியதில் வியப்பில்லை. கிருமிகளின் பசையில் டி.என்.ஏ. உண்டென்று கற்லின் என்பார் 1956 இலேயே அறிவித்திருந்தும் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அவுஸ்திரேலியாவிலே சிந்தியா விற்சேர்ச்சும் குழுவினரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வே கண்களைத் திறந்தது. நுரையீரலைப் பற்றும் சூடோமோனாஸ் கிருமியை வளர்த்த திரவத்தில், டி.என்.ஏ.யை வெட்டும் நொதியத்தை அவர்கள் சேர்த்தனர். கிருமிகள் பெருகின, படலம் மட்டும் உண்டாகவில்லை. முன்னரே உண்டான இளம் படலமும் கரைந்தது. ஆயின் 84 மணி நேரம் முதிர்ந்த படலமோ அசையவில்லை. குப்பையெனப்பட்டது சாந்தாக இருந்தது.

இச்சாந்து கற்களை ஒட்டுவதோடு நிற்பதன்று. டி.என்.ஏ. இழைகள் மறையேற்றம் உடையவை. ஆதலின் நேரேற்றங் கொண்ட மருந்துகளை வழியிலேயே பற்றிக்கொள்கின்றன. மகனீசியத்தையும் அவ்வாறே கவர்கின்றன. மகனீசியம் அருகியதை உணர்ந்த கிருமி தன் புறவுறையை மாற்றி அம்மருந்துகளுக்கு மேலும் வலிதாகிறது என்பதைக் கனடாவின் கல்கரி ஆராய்ச்சியாளர் 2008 இற் காட்டினர்.

இத்தனை டி.என்.ஏ. எங்கிருந்து வருகிறது? கிருமிகளுட் சில திடீரென வெடித்துச் சிதறித் தம் உள்ளுறை முழுவதையும் வெளியே கொட்டுவதை விற்சேர்ச்சின் குழு 2016 இற் படம்பிடித்தது. இதனைத் தியாகமென எழுதுவோர் உளர். கிருமிக்குத் தியாகம் ஏது? அச்சொல்லை நான் மனிதருக்கே வைத்துக்கொள்வேன்.

சிகிச்சையின் கதையும் சுவையானது. சிஸ்ரிக் பைபுறோசிஸ் என்னும் பரம்பரை நோயுடைய பிள்ளைகளின் சளி கோந்துபோல் இறுகுவதற்கு ஒரு காரணம், கிருமியோடு பொருதி மடிந்த அவர்தம் வெண்குருதிக் கலங்களின் டி.என்.ஏ.யே. மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த நொதியத்தை முன்னர் பயன்படுத்தியபோது சிலருக்குக் கடும் ஒவ்வாமை கண்டது. மனித நொதியத்தையே ஆய்வுகூடத்தில் உண்டாக்கிய பின், மூச்சுடன் உள்ளிழுக்கும் டோர்னேஸ் அல்பா என்னும் மருந்துக்கு ஐக்கிய அமெரிக்கா 1993 இல் அனுமதியளித்தது. அது சளியை இளக்கிச் சுவாசத்தை எளிதாக்குகிறது. முதிர்ந்த படலத்தை அழிக்கும் மருந்தென அதனைக் கருதலாகாது.

முதிர்ந்த படலம் ஏன் மசியவில்லை? 2021 இல் ஒரு விடை கிடைத்தது. வலப்பக்கமாக முறுக்கிய டி.என்.ஏ. இழை, படலம் முதிரமுதிர இடப்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. வெட்டும் நொதியத்தின் வாய்க்கு அவ்வடிவம் அகப்படுவதில்லை.

இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் சந்திகளைச் சில புரதங்கள் ஆணிபோல் இறுக்கி நிற்கின்றன. இழையை விட்டு ஆணியைப் பிடுங்கினால் என்ன என்று அமெரிக்க ஆய்வாளர் சிலர் எண்ணினர். அப்புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் கண்ணாடிப் பாத்திரத்துப் படலங்களைக் குலைத்தன. சிஞ்சில்லா என்னும் சிறு பிராணியின் நடுச்செவியிற் படிந்த படலமும் அப்புரதத்தைத் தடுப்பூசியாக ஏற்றியபோது கலைந்தது. இது 2011 ஆம் ஆண்டுச் செய்தி. மருத்துவமனைகளிலோ படலம் படிந்த சிறுநீர்க் குழாயைக் கழற்றி எறிந்து புதியதை இடுவதே இன்றும் நடைமுறை. செயற்கை முழங்காலில் அது படிந்துவிட்டாற் சத்திரசிகிச்சைக் கத்தியையே மீண்டும் எடுக்க நேர்கிறது.