உங்களுக்குத் தெரியுமா? குளத்து மீன் சங்கதிகள்

● ஐப்பசி, கார்த்திகையில் மறுகால் பாய்ந்த குளம் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சங்கரன்கோவில் பக்கத்துக் குளங்கள் பலவற்றின் கதை இதுதான். அப்படியானால் அடுத்த மழைக்கு மீன் எங்கிருந்து வருகிறது? விராலும் தேளியும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. ஈரச் சேற்றுக்குள் புதைந்து, தண்ணீர் வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மற்ற மீன்கள் மேல்குளத்து மறுகாலோடு இறங்கி வரும், கீழ்ப்பக்கத்திலிருந்து ஓடுதண்ணீரை எதிர்த்து ஏறியும் வரும். மழையோடு மீன் கொட்டியதாகச் சொல்லும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

● குளம் வற்றுவது மீன் வளத்துக்குக் கேடு என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. வற்றிய தரையில் வெயில் படும்போது அடிச்சேற்றில் மட்கிக் கிடந்ததெல்லாம் உரமாகிறது. மேய வரும் ஆடுமாடுகளும் தம் பங்குக்குச் சாணமும் புழுக்கையும் போட்டுவிட்டுப் போகின்றன. அதனால்தான் புதுத்தண்ணீர் நின்ற சில நாளிலேயே நுண்பாசியும் நுண்ணுயிர்களும் பெருகிவிடும். மீன்குஞ்சுக்கு அதுவே முதல் தீனி.   

● தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் பொதுவாக நீர்வளத்துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. மீன்பாசி ஏலம், அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், யார் கையில் என்பதும் இதைப் பொறுத்தே. எவர் ஏலம் எடுத்தாலும் மீன் பிடிக்க வசதியாக இருக்கிறதென்று மடையைத் திறந்துவிட முடியாது. தண்ணீர் நெல்லுக்கு, மீன் அதில் கிடைக்கும் உபரி.

● குத்தகைக் கணக்கு பசலி ஆண்டில் ஓடும், அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் குளத்தில், குத்தகை தொடங்கிய முதல் மூன்று மாதம் கட்டாந்தரைக்குத்தான் பணம்!

● குளத்து மீனில் வரும் காசைக் குளத்தை மராமத்து செய்யவே செலவிடுவது பழைய வழக்கம். பாசிப்பாட்டம் என்ற பெயரில் கல்வெட்டுகளிலேயே இந்த வருமானம் பேசப்படுகிறது. நம் காலத்தில் ஏலப் பணம் எங்கே போகிறது என்று கிராமசபையில் கேட்டுப் பார்க்கலாம்.

● கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் எத்தனை வருஷம் கிடந்தாலும் நம் குளத்தில் முட்டையிடாது. அவற்றுக்கு ஆற்று வெள்ளம் வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். இன்று பண்ணைகளில் வாங்கும் குஞ்சுகளெல்லாம் அந்த ஊசியின் வாரிசுகள்.

● இங்கேதான் சங்கரன்கோவிலுக்கென்று ஒரு சிக்கல். பண்ணைகளில் கெண்டைக் குஞ்சு பெருமளவில் கிடைப்பது தென்மேற்குப் பருவத்தில், குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில். அப்போது நம் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. குளம் நிரம்பும்போதோ குஞ்சுப் பருவம் முடிந்திருக்கும். கையில் மிஞ்சுவது நாலைந்து மாதத் தண்ணீர். அதில் கண்ணுக்குத் தெரியாத பொடிக்குஞ்சை லட்சக்கணக்கில் கொட்டினால் பாதியைக் கெளுத்தியும் விராலும் தின்னும், மீதி வளர்வதற்குள் குளம் வற்றிவிடும். ஆந்திராவில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். குஞ்சுகளைச் சிறு குட்டையில் நெருக்கமாக விட்டு, அரைத்தீனியில் மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகு பெரிய குளத்தில் விடுவார்கள். இடமும் தீனியும் கிடைத்ததும் அவை விறுவிறுவென்று வளரும். குறுகிய காலக் குளத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்று எண்ணிக்கையைக் காட்டிப் படம் எடுப்பதை விட்டுவிட்டு, விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாகப் பார்த்து விடவேண்டும்.

● ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காக்காரன். இந்தியாவுக்கு வந்தது 1952இல். மண்டபம் என்ற ஊரில் வைத்து வளர்த்தார்கள். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் அடைகாப்பதால் சேதாரம் குறைவு. இரண்டு மூன்று மாதத்திலேயே அடுத்த தலைமுறை தயார். கூட்டம் பெருகப் பெருகத் தீனி பற்றாமல் எல்லாம் குட்டையாகவே நின்றுவிடும். விபரீதம் புரிந்து 1959இல் பரப்பத் தடை சொன்னார்கள். மீன் அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டது.

● அதே மீன் இலங்கைக் குளங்களில் ஏழைகளின் புரதமாகி, உள்நாட்டு மீன்பிடியையே தூக்கி நிறுத்தியது. 1990இல் மதக் காரணம் காட்டி அரசு உள்நாட்டு மீன்பிடிக்குத் தந்த ஆதரவை நிறுத்தியது. 1994இல்தான் திரும்பத் தந்தது.

● நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்து துள்ளி நகர்ந்தால், அது விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். தூண்டில்காரர்கள் குறிவைப்பது இந்தக் காவலாளியைத்தான். ஒரு விரால் சட்டிக்கு வரும், காவல் இழந்த நூற்றுக்கணக்கான குஞ்சு கெளுத்திக்கும் கொக்குக்கும் போகும். குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடுவதில்லை என்று ஓர் ஊர் முடிவெடுத்தால், அரசாணை எதுவும் வேண்டாம்.

● பனையேறிக் கெண்டை உண்மையில் பனை ஏறுமா? 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, தண்ணீருக்கு ஐந்தடி மேலே பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். பருந்தோ காக்கையோ கொண்டுபோய்ப் போட்டதாக இருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். தரையில் செவுள்மூடியை ஊன்றி நகரும் என்பதில் மட்டும் சண்டை இல்லை.

● கோடையில் மீன் செத்து மிதந்தால் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று முதலில் சந்தேகம் கிளம்பும். சில சமயம் அது உண்மைதான். ஆனால் பாசி பிடித்துப் பச்சையான குளத்தில், பகலெல்லாம் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். விடியலுக்குச் சற்று முன்புதான் பற்றாக்குறை உச்சத்தில் இருக்கும். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றைக்கே வலையைப் போட்டுப் பாதியைப் பிடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

● கூழைக்கடாவும் நாரையும் மீனைத் தின்று தீர்ப்பதாகக் குத்தகைதாரர் புலம்புவார். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்து விவசாயிகளோ, பறவை எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீரை வயலுக்கு உரமாகவே பார்க்கிறார்கள். அந்த ஊர்க் குளம் 1994 முதல் சரணாலயம்.

● ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதும் விற்பதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கையில் கிடைத்த மீனையெல்லாம் விழுங்கும், காற்றையும் சுவாசிக்கும், சேற்றிலும் பிழைக்கும். ஒருமுறை குளத்துக்குள் போனால் வெளியேற்றுவது அநேகமாக நடக்காத காரியம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ‘டேங்க் கிளீனர்’ மீனும் அதே ரகம்தான். அதன் முள் வலையைக் கிழிக்கும், வாங்க ஆளும் கிடையாது. தொட்டி மீன் பெரிதாகிவிட்டதா? வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். தயவுசெய்து குளத்தில் மட்டும் விடாதீர்கள்.