எண்ணிப் பார்க்க வேண்டிய துடிப்பு

திருவாடானை, தொண்டி பக்கம் இப்போது சில வீடுகளில் பிரஷர் மிஷின் இருக்கிறது. இல்லாத வீடுகளுக்கும் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வந்து பார்க்கிறார்கள். மிஷினில் மூன்று எண்கள் வரும். முதல் இரண்டையும் கவனமாகக் குறித்துக்கொள்பவர்கள், நாடித்துடிப்பைக் காட்டும் மூன்றாவது எண்ணை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அதில் 38 என்று வந்தால் மிஷின் பழுது என்று நினைத்து பேட்டரியை மாற்றுவார்கள். சில நேரம் மிஷினில் பழுதே இருக்காது. இதயம் 76 முறை துடித்திருக்கும். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று முந்திக்கொண்டு வந்த துடிப்பாக இருந்திருக்கும். அந்த அவசரத் துடிப்புக்குள் இதயத்தில் போதிய ரத்தம் நிரம்புவதில்லை. அதனால் அது கைவரை எட்டுவதில்லை, மிஷினின் கணக்கிலும் வருவதில்லை.

மருத்துவமனையில் இதை ‘எக்டோபிக்’ என்பார்கள். எப்போதாவது வருகிற எக்டோபிக் நம்மில் மிகப் பலருக்கும் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில், வருடக்கணக்கில் வரும்போதுதான் இதயத் தசை தளரும் ஆபத்து இருக்கிறது.

தசை ஏன் தளர்கிறது?

இதயத்தின் கீழறைகளுக்கு மின்தூண்டல் போவதற்கென்று தனிப் பாதை இருக்கிறது. அதன் வழியாகப் போனால் இடது, வலது இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சுருங்கும். எக்டோபிக் அந்தப் பாதையில் பிறப்பதில்லை, தசையின் ஏதோ ஒரு மூலையில் பிறக்கிறது. அங்கிருந்து மெல்லப் பரவுவதால் ஒரு சுவர் முந்திச் சுருங்க, எதிர்ச்சுவர் பிந்துகிறது. கரைவலை இழுக்கும்போது ஒரு கயிற்றுக்காரர்கள் முந்தி, மறு கயிற்றுக்காரர்கள் பிந்தினால் என்ன ஆகும் என்று தொண்டிக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளெல்லாம் இப்படி நடந்தால் இடது கீழறை விரிந்து, ‘பம்பிங்’ குறைகிறது.

பம்பிங் குறைந்ததால்தான் எக்டோபிக் வருகிறது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1998-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், ஒரு நாளைக்கு 20,000-க்கு மேல் எக்டோபிக் இருந்த சிலருக்கு மருந்தால் அதை அடக்கினார்கள். தளர்ந்திருந்த இதயம் தேறியது. எக்டோபிக்கே காரணமாகவும் இருக்கலாம் என்பது அப்போது வெளிப்பட்டது. இந்தத் தளர்ச்சியில் மிகப் பெரிய ஆறுதல் அதுதான். காரணத்தை நீக்கினால் தசை பெரும்பாலும் மீள்கிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதலில் எண்ணிக்கை. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. 2010-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 174 நோயாளிகளை ஆராய்ந்தது. மொத்தத் துடிப்பில் எக்டோபிக் 24 சதவீதத்தைத் தாண்டியவர்களிடம் தளர்ச்சி மிகுதியாகக் காணப்பட்டது. 10 சதவீதம் இருந்தவரிடமும் மீளக்கூடிய தளர்ச்சி இருந்தது. ஆக, நாளுக்குப் பத்தாயிரம் என்பது விழித்துக்கொள்ள வேண்டிய அளவு.

ஆனாலும் 30 சதவீதம் இருந்தும் பம்பிங் குறையாதவர்கள் உண்டு. எண்ணிக்கையோடு வேறு சிலவும் சேர்கின்றன. இ.சி.ஜி.யில் எக்டோபிக்கின் அலை 150 மில்லிசெகண்டுக்கு மேல் அகன்றிருப்பது, அது இதயத்தின் வெளிப்புறத்திலிருந்து கிளம்புவது, இரவும் பகலும் ஒரே அளவில் வந்துகொண்டிருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். பெண்களைவிட ஆண்களிடம் தளர்ச்சி அதிகம் காணப்படுகிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது இனிச் சொல்லப்போவது. எக்டோபிக் இருப்பதே தெரியாதவர்களுக்குத் தளர்ச்சி ஏற்படும் வாய்ப்பு அதிகம். படபடப்பு தெரிந்தும் ஐந்து வருடத்துக்கு மேல் அப்படியே விட்டவர்களுக்கும் அதுதான் நிலை. நெஞ்சு ஒரு கணம் நின்று, அடுத்து ‘திம்’மென்று அடிப்பதை உணர்கிறவர் பயந்துபோயாவது டாக்டரிடம் போகிறார். உணராதவர் வயலுக்கும் கடலுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார். மூச்சு வாங்க ஆரம்பித்தால் வயசாகிவிட்டது என்கிறார். உணர்கிறவர்களிலும் பலர் வாய்வு என்று சோடா குடித்துக் காலம் கடத்துகிறார்கள்.

தூண்டிவிடுபவை

மிளகாய்க் காட்டில் வெயில் நேரத்தில் வேர்த்துக் கொட்டுவது, வயிற்றுப்போக்கு, பிரஷருக்காகச் சாப்பிடும் நீர்மாத்திரை ஆகியவற்றால் உடம்பில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறையலாம். குறைந்தால் எக்டோபிக் கூடும். அதற்காக எல்லோரும் இளநீரை வாங்கிக் குடித்துவிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் அதுவும் ஆபத்து. ரத்தப் பரிசோதனை செய்தாலே தெரிந்துவிடும். மது, தைராய்டு மிகுதி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், பழைய மாரடைப்பு ஆகியவையும் காரணமாகலாம்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஹைதராபாத் மருத்துவர் சி. நரசிம்மனின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்போடு வந்த சிலருக்கு, பம்பிங் நன்றாக இருந்தபோதே காசநோயோ சார்காய்டோசிஸ் என்னும் அழற்சியோ இதயத் தசையில் இருந்தது தெரியவந்தது. காய்ச்சல், எடை குறைவு, நெறிகட்டு இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பத்து வினாடி போதாது

சாதாரண இ.சி.ஜி. பதிவு ஏறக்குறைய பத்து வினாடிதான். அதில் கோளாறு தெரியவில்லை என்பதால் எக்டோபிக் இல்லை என்றாகிவிடாது. எண்ண வேண்டுமென்றால் 24 மணி நேர ஹோல்டர் வேண்டும், பம்பிங் தெரிய எக்கோ வேண்டும். ஹோல்டர் என்பது நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு இடுப்பில் தொங்கும் சின்னப் பெட்டி. அன்று குளிக்க முடியாது, வேர்த்தால் ஒட்டு கழன்றுவிடும், கடல் தண்ணீர் படக் கூடாது. ஆனால் படுத்தே கிடக்கவும் வேண்டாம். வழக்கமான நடமாட்டத்தோடு இருந்தால்தான் கணக்கு உண்மையாக இருக்கும். எப்போது படபடத்தது என்று மணியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இந்தச் சோதனைகளை எங்கே செய்யலாம் என்று ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கேட்கலாம். மதுரைக்கு எழுதிக் கொடுத்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போங்கள். மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ தேதி வாங்கிக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வீட்டில் இளம் வயதில் திடீரென இறந்தவர் உண்டென்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சிகிச்சை

பெரும்பாலும் மெட்டோபுரோலால் போன்ற மாத்திரையில் தொடங்குவார்கள். அடங்காவிட்டால், தொடையின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்டோபிக் கிளம்பும் இடத்தை வெப்பத்தால் சுடுவார்கள். அதற்கு அப்லேஷன் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃபிளெக்கெய்னைடு, என்கெய்னைடு என்னும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1989-இல் வந்தது. எக்டோபிக் அடங்கியது, ஆனால் இறப்பு கூடியது.

எக்டோபிக் நின்றபின் பம்பிங் பெரும்பாலும் நான்கு மாதத்துக்குள் தேறும். சிலருக்கு அதற்கும் மேல், வருடக்கணக்கில்கூட ஆகும். அதனால் முதல் எக்கோவில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த ஹோல்டர் அறிக்கையையும் எக்கோவையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்து எடுப்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் டாக்டர் முடிவு செய்வார்.