‘சேமிக்கப்பட்டது’ என்றது கணினி, எண்களைக் காணவில்லை

துணைப்பாட வகுப்பின்போது ஒரு சிறுவனுக்குத் திடீரெனக் காய்ச்சல். பெற்றோரை அழைக்க எங்கள் மாணவர் பதிவேட்டைக் கணினியில் திறந்தேன். பெயர் இருந்தது, வகுப்பு இருந்தது. தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடம் காலி. அடுத்த மாணவரின் விவரத்தைப் பார்த்தேன். அங்கும் காலி.

நல்லவேளையாக, அம்மாவின் கைப்பேசி எண் அவனுக்கு மனப்பாடம்.

அந்தப் பதிவேட்டை ஜாவா மொழியில் எழுதியவர்கள், அங்குத் தொண்டூழியம் செய்யும் பல்கலைக்கழக மாணவர்களான நாங்கள் மூவர். புத்தாண்டு பிறந்ததால் முந்திய வாரம்தான் எல்லா மாணவர்களின் வகுப்பையும் மாற்றியிருந்தோம். ஒவ்வொரு முறையும் ‘சேமிக்கப்பட்டது’ என்றே திரை சொன்னது.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம்

ஜாவாவில் ஒரு மாணவர் என்பது ஓர் ‘ஆப்ஜெக்ட்’. தரவுத்தளத்திலோ அவர் அட்டவணையின் ஒரு வரிசை. இரண்டையும் இணைக்கும் பாலம்தான் ஹைபர்நேட். கேவின் கிங் 2001ல் தொடங்கிய மென்பொருள் இது. இத்தகைய கருவிகளுக்கான பொது விதிமுறையான ‘ஜேபிஏ’ 2006ல் வெளிவந்தது.

புதிய ஆப்ஜெக்டைச் சேமிக்க ‘பெர்சிஸ்ட்’ கட்டளை போதும். ஏற்கெனவே உள்ளதை மாற்றும்போதுதான் கவனம் தேவை. தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தரும் ஆப்ஜெக்டை ஹைபர்நேட் தன் கண்காணிப்பில் வைத்திருக்கும். அந்த அமர்வு முடிந்ததும் கண்காணிப்பும் முடிந்துவிடும். அதன்பின் நம் கையில் இருப்பது வெறும் நகல்.

பிழை மறைந்தது, தவறு மறையவில்லை

எங்கள் திருத்தப் படிவத்தில் அடையாள எண், பெயர், வகுப்பு ஆகியவை மட்டுமே இருந்தன. அவற்றைக் கொண்டு ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி ‘பெர்சிஸ்ட்’ கொடுத்தோம். கண்காணிப்பில் இல்லாத ஆப்ஜெக்டை ஏற்க முடியாது என்று பிழைச் செய்தி வந்தது. ‘மெர்ஜ்’ என்று மாற்றினோம். பிழைச் செய்தி போய்விட்டது. ஏன் போனது என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

‘மெர்ஜ்’ கட்டளை அந்த அடையாள எண்ணுக்கு உரிய வரிசையைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும். பிறகு, நாம் கொடுத்த ஆப்ஜெக்டில் உள்ள எல்லா மதிப்புகளையும் அதன்மேல் எழுதும். எங்கள் ஆப்ஜெக்டில் தொலைபேசி எண் நிரப்பப்படவில்லை. ‘இதைத் தொடவில்லை’ என்பதற்கும் ‘இதை அழித்துவிடு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. வெற்றிடத்தையும் ஒரு மதிப்பாக எடுத்துக்கொண்டு, இருந்த எண்ணை அழித்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ‘மெர்ஜ்’ நமக்குத் திருப்பித் தரும் ஆப்ஜெக்ட்தான் கண்காணிப்பில் இருக்கும். நாம் கொடுத்தது பழையபடி நகலாகவே இருக்கும். அதில் பிறகு செய்யும் மாற்றங்கள் எதுவும் தரவுத்தளத்திற்குப் போய்ச் சேராது.

சரியான வழி

முதலில் ‘ஃபைண்ட்’ கட்டளையால் மாணவரின் விவரத்தை எடுங்கள். மாற வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். பிறகு பரிவர்த்தனையை முடியுங்கள். இவை எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். தனியாகச் சேமிக்கச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தபோது இருந்த நிலையோடு ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் ஹைபர்நேட் தானே எழுதிக்கொள்ளும்.

ஒரே மாணவரின் விவரத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால்? அதற்கு ‘வெர்ஷன்’ என்ற குறியீட்டுடன் ஓர் எண்ணைச் சேர்க்கலாம். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அந்த எண் கூடும். பழைய எண்ணோடு வருபவரின் திருத்தம் ஏற்கப்படாமல் பிழைச் செய்தி வரும். முன்னவர் எழுதியது சத்தமில்லாமல் அழிந்து போகாது.

காகிதப் படிவங்களைத் தேடியெடுத்து, தொலைந்த எண்களை மீண்டும் தட்டச்சு செய்ய எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. இப்போது எதை எழுதினாலும், ஹைபர்நேட் தரவுத்தளத்திற்கு அனுப்பும் கட்டளைகளைத் திரையில் காட்டும் அமைப்பை இயக்கிவிட்டுத்தான் சோதிக்கிறோம். அன்றே அதைப் பார்த்திருந்தால், வகுப்பை மாற்றும்போது தொலைபேசி எண்ணும் சேர்ந்து எழுதப்படுவது கண்ணில் பட்டிருக்கும்.

திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பிழைச் செய்தி மறைந்ததும் கணினியை மூடிவிடாதீர்கள். சேமித்ததை ஒருமுறை திறந்து பாருங்கள்.